மூலநிரலைத் திறந்து வைத்தால் பாதுகாப்பு எங்கே? ஈப்போ தம்பியின் கேள்வியும் அதன் பின் சேர்ந்த குறிப்புகளும்

கேள்வி, 31 மார்ச் 2024

அண்ணே, மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, ஊருக்கே திறந்து காட்டிவிட்டு அதுதான் பாதுகாப்பு என்கிறீர்கள். வீட்டுச் சாவியை வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிற மாதிரி இல்லையா? லினக்ஸோடு வரும் எக்ஸ்இசட் கருவிக்குள் யாரோ ரகசியப் பின்கதவு வைத்துப் பிடிபட்ட இந்த விவகாரத்துக்குப் பிறகும் எங்கள் அலுவலக சர்வரில் லினக்ஸையே வைத்திருக்கலாமா? முதலாளி கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

31 மார்ச் 2024, இரவு

வைத்திருக்கலாம் தம்பி.

சாவியையும் பூட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். திறந்து வைத்திருப்பது பூட்டு எப்படி வேலை செய்கிறது என்கிற விவரத்தை மட்டும்தான். சாவி உங்களிடமே இருக்கிறது. பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி தெரியாதவரை அது திறக்கக்கூடாது என்று மறைகுறியீட்டு அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883லேயே எழுதிவிட்டார். அமைப்பை மறைத்தால்தான் தாங்கும் என்றால் அந்தப் பூட்டு ஒரு நாள் திறந்துகொள்ளும்.

எக்ஸ்இசட் விஷயத்திலும் எல்லாம் எல்லார் கண்முன்னேதான் இருந்தது. ஆயிரம் கண் பார்க்கிற இடத்தில் திருட்டு நிலைக்காது. அதனால்தான் பிடிபட்டது.

1 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாம் கண்முன்னே இருந்தது என்றேன். தவறு. இன்று மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற சின்னக் கருவி. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய நாம் தினமும் பயன்படுத்தும் எஸ்எஸ்எச்சுக்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் எஸ்எஸ்எச் சர்வரை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைக்க ஒரு ஒட்டுப் போட்டிருந்தன. சிஸ்டம்டியின் லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, எக்ஸ்இசட்டின் லைப்ரரியைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். சம்பந்தி வீட்டுச் சம்பந்தி மாதிரியான அந்த உறவு வழியாகத்தான் வாசல்வரை வந்திருக்கிறார்கள்.

விஷத்தை வைத்த இடம் இன்னும் சாமர்த்தியமானது. சுருக்கும் கருவியைச் சோதிக்க, வேண்டுமென்றே பழுதாக்கிய சில கோப்புகளைக் கூடவே வைத்திருப்பார்கள். அவற்றுக்குள் ஒளித்திருந்தார்கள். கெட்ட கோப்பு கெட்டதாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்? அதைப் பிரித்து எடுத்து உயிர் கொடுக்கும் வரியோ, மூலநிரலை எல்லாரும் பார்க்க வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய பொட்டலத்தில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்கும் அந்த வரி கிடைத்திருக்காது. டெபியன்காரர்கள் எடுத்தது பொட்டலத்தைத்தான்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் வேலை. அவர் தேடியது திருடனை அல்ல. தன் தரவுத்தளத்தின் வேகத்தை அளக்கும்போது, தோற்றுப்போக வேண்டிய எஸ்எஸ்எச் நுழைவுகள் கணினியை அதிகமாக வேலை வாங்குவதைப் பார்த்திருக்கிறார். முன்பு 0.299 விநாடியில் முடிந்தது 0.807 விநாடி எடுத்தது. அரை விநாடி. நானாக இருந்தால் இணைய இணைப்பைக் குறை சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். அவர் போகவில்லை. மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார்.

ஆகவே ஆயிரம் கண் பார்த்ததால் பிடிபட்டது என்று நான் சொன்னது பாதி உண்மை. பார்த்தது ஒருவர். ஆனால் சந்தேகம் வந்ததும் அடிவரை தோண்டிப் பார்க்க அவரால் முடிந்தது, எல்லாம் திறந்திருந்ததால். மூடிய மென்பொருளில் அந்த அரை விநாடியை நிறுவனத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்பார்.

3 ஏப்ரல் 2024

பலர் கேட்டதால் சொல்கிறேன், அந்த விஷப் பதிப்பு எனக்கும் வந்தது. என் மடிக்கணினியில் டெபியனின் நிலைபெறாத கிளையை, புதுப் பதிப்புகள் முதலில் வந்து சேரும் கிளையை, வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் செய்தி பார்த்தேன். நோன்பு மாதம், தெருமுனையில் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை மூடியிருந்தது, தே தாரிக் கிடைக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கணினியிடம் எக்ஸ்இசட்டின் பதிப்பு எண்ணைக் கேட்டேன். 5.6.1. விஷம் வைத்த பதிப்பு, சரியாக அதுவேதான். கை சில்லிட்டுப் போனது.

டெபியன் அனுப்பிய மாற்றுப் பதிப்பின் பெயரைப் பாருங்கள்: "5.6.1+ரியலி5.4.5". எண்ணைக் குறைத்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது என்பதால், பெயரில் 5.6.1 என்று வைத்து உள்ளே நல்ல 5.4.5ஐ வைத்திருந்தார்கள். நான் அதோடு நிற்கவில்லை. வட்டையே துடைத்து, சாவிகள் அத்தனையும் மாற்றினேன். ஞாயிறு மாலை ஆகிவிட்டது.

வாடிக்கையாளர்களின் சர்வர்களில் நிலையான கிளைதான் இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கும் வரவில்லை. தம்பி, உங்கள் முதலாளிக்கு முதல் பதில் இதுவாக இருக்கட்டும்: சம்பாதித்துக் கொடுக்கிற கணினியில் புதுசுக்கு ஆசைப்படக்கூடாது.

8 ஏப்ரல் 2024

நேற்றோடு ஹார்ட்பிளீட் என்கிற ஓட்டை வெளியாகிப் பத்து வருடம். ஆயிரம் கண் பற்றி எழுதியது இன்னும் உறுத்துகிறது, அதனால் இது.

நூறு ரிங்கிட்டுக்குச் சில்லறை வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு ரிங்கிட்டை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் கையில் வந்ததை எண்ணாமல், நீங்கள் சொன்ன தொகைக்குக் கல்லாவிலிருந்து அள்ளிக் கொடுக்கிறார். ஹார்ட்பிளீட் அவ்வளவுதான். நீ உயிரோடு இருக்கிறாயா என்று சர்வரைக் கேட்கும் ஒரு சின்னச் செய்தி. வந்த செய்தியின் உண்மையான நீளத்தைப் பார்க்காமல், அனுப்பியவர் சொன்ன நீளத்தை நம்பி, இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற திறந்த மூல மென்பொருள் தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்கலாம். பதிவேட்டில் தடமும் இருக்காது.

பிழை 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பிலிருந்தே இருந்தது. இரண்டு வருடம். உலகத்தின் வங்கி, கடை, மின்னஞ்சல் எல்லாம் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். படித்தவர் யார்? அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். ஆயிரம் கண்ணுடையாள் என்று பினாங்கு குயின் தெரு மாரியம்மனை நாம் கும்பிடுகிறோம், அவளுக்கு அது பொருந்தும். மூலநிரலுக்கு யாராவது கண்ணைக் கொடுத்தால்தான் உண்டு.

ஹார்ட்பிளீட் வெளியான அந்த வாரம் நான் சர்வர்களின் பதினொரு பாதுகாப்புச் சான்றிதழ்களை மாற்றினேன். அதற்கு முன்னால் அத்தனை வருடம் ஓப்பன்எஸ்எஸ்எல்லை வைத்துச் சம்பாதித்திருக்கிறேன், ஒரு சென்கூட அவர்களுக்குக் கொடுத்தது கிடையாது. கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

8 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

திறந்திருப்பதாலேயே நல்லது நடக்கும் என்று நம்பினவர்களுக்கு 2008ஐயும் சொல்ல வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எச்சரிக்கைச் செய்தி வருகிறது என்று டெபியனில் இரண்டு வரிகளை நீக்கினார்கள், 2006ல். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அந்த வரிகள்தான் சாவி தயாரிக்கத் தேவையான குருட்டாம்போக்கைக் கொடுத்தவை. அவை போனபின், ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32,768 சாவிகள்தான் பிறக்க முடியும். எண்ணி முடித்துவிடலாம். 2008 மே மாதம்வரை அந்த மாற்றம் எல்லாரும் பார்க்கும் இடத்தில்தான் கிடந்தது.

20 ஏப்ரல் 2024

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் காசு கொடுத்து மூடிய மென்பொருளையே வாங்கிவிடலாமே, பொறுப்புக்கு ஒரு நிறுவனமாவது இருக்கும் என்கிறார் முதலாளி."

இதற்கு நான் பட்டதைச் சொல்கிறேன். 2021 டிசம்பர். லாக்4ஜே ஓட்டை வெளியான வாரம். ஜாவா மென்பொருள்கள் தங்கள் பதிவேட்டை எழுதப் பயன்படுத்தும் லைப்ரரி அது. வாசலில் காவலாளி வருகிறவர் பெயரை நோட்டில் எழுதுகிறார் என்று வையுங்கள். ஒருவர் தன் பெயரைச் சொல்லாமல், "இந்த முகவரிக்குப் போய் அங்கே தருகிற பொட்டலத்தை வாங்கி வந்து வீட்டுக்குள் வை" என்கிறார். காவலாளி அதை எழுதுவதற்குப் பதிலாகக் கிளம்பிப் போய் வாங்கி வந்துவிடுகிறார். லாக்4ஜே செய்தது அதைத்தான். மைன்கிராஃப்ட் விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினால் போதும், சர்வர் கைமாறியது. ஆபத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண் பத்துக்குப் பத்து.

பிறை என்கிற ஊரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம் என் வாடிக்கையாளர். அவர்கள் கணக்கு மென்பொருள் மூடிய பெட்டி, ஆண்டுக்கு நல்ல தொகை கட்டுகிறார்கள். விற்ற நிறுவனத்துக்கு அழைத்தேன். "எங்களுடையது திறந்த மூலம் இல்லை சார், அந்தப் பிரச்சினை எங்களுக்கு இல்லை" என்றார் எடுத்தவர். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. நான் வட்டு முழுவதும், ஜாவா நிரல்களைக் கட்டி வைக்கும் ஜார் கோப்புகளைத் தேடினேன். நாலாவது கோப்புறைக்குள் இருந்தது லாக்4ஜே-கோர் 2.13.3. பிரித்துப் பார்த்தால் உள்ளே, காவலாளியை வெளியே கிளப்பிவிடுகிற அந்த ஜேஎன்டிஐ லுக்கப் என்கிற துண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் துண்டை மட்டும் ஜாரிலிருந்து நீக்கிவிட்டுச் சேவையை மீண்டும் ஓடவிட்டேன். லாக்4ஜேயின் திருத்திய பதிப்பு 2.15 வந்தது, அதிலும் ஓட்டை. 2.16 வந்தது, அதையும் முடக்க வழி கண்டார்கள். 2.17 வந்தது டிசம்பர் 18 வாக்கில். அந்தச் சனிக்கிழமையை மறக்க முடியாது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம், அங்கேதான் அக்கா வீடு. ஒரு காதில் அக்கா, தண்ணீர் மாடிப்படியில் ஐந்தாவது படி ஏறிவிட்டது என்கிறாள். கண்முன்னே திரையில் ஜார் கோப்புகளின் பட்டியல். அக்கா மகன் மாடியில் எல்லாருடைய கைப்பேசியையும் அணைத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான், மின்கலம் தீர்ந்துவிடக்கூடாது என்று. மறுநாள் படகு வந்துதான் இறங்கினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூடிய பெட்டியும் உள்ளே அதே ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் வைத்திருக்கிறது. எந்தக் கிணறு என்று விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். லாக்4ஜே திறந்த மூலமாக இருந்ததால் எந்தத் துண்டை நீக்க வேண்டும் என்று உலகமே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் சொந்தப் பகுதிகளில் என்ன இருக்கிறதோ, அதைச் சொல்ல ஆளில்லை.

21 ஏப்ரல் 2024

மூடியதற்கு உதாரணம் கேட்கிறவர்களுக்கு: நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளை விற்கும் சோலார்விண்ட்ஸ், 2020. நிறுவனமே கையெழுத்திட்டு அனுப்பிய அப்டேட்டுக்குள் பின்கதவு. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொண்டார்கள்.

இதையும் எக்ஸ்இசட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. இரண்டிலும் எழுதிய நிரலுக்கும் கைக்கு வரும் பொட்டலத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கட்டுமான வேலையில்தான் கைவைத்திருக்கிறார்கள். நெல்லைப் பார்த்தாயிற்று, சோற்றைப் பார்த்தாயிற்று, உலையில் என்ன விழுந்தது என்று பார்க்கவில்லை. நிரலைப் படித்து மட்டும் நம்பிவிட முடியாது, அதை மொழிபெயர்க்கும் கம்பைலரே ஏமாற்றலாம் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984லேயே தன் டூரிங் விருது உரையில் காட்டியிருக்கிறார்.

டெபியனில் இதற்காகப் பல வருடங்களாக உழைக்கிறார்கள். ஒரே நிரலை யார் எங்கே கட்டினாலும் ஒரு பிட் மாறாமல் ஒரே பொட்டலம் வர வேண்டும் என்பது இலக்கு. அது இருந்தால் எக்ஸ்இசட் பிடிபட்டிருக்கும் என்று எழுத வந்தேன், யோசித்தபின் எழுதவில்லை. கெட்ட பொட்டலத்தையே மூலமாக எடுத்துக் கட்டினால் எல்லாருக்கும் ஒரே கெட்ட விடைதான் வரும். வெளியீட்டுப் பொட்டலத்தைக் களஞ்சியத்தோடு ஒப்பிடுவதும் சேர வேண்டும்.

5 மே 2024

சின்னக் குறிப்பு. நம்மில் பலர் இன்னும் இலவச மென்பொருள் என்றே சொல்கிறோம். கட்டற்ற மென்பொருள் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. இலவசம் என்று சொல்லிச் சொல்லியே, யாரோ எங்கிருந்தோ கொட்டிக் கொடுக்கிறார் என்கிற நினைப்பு ஊறிவிட்டது. எக்ஸ்இசட்டைப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸே காலின். ஒருவர்தான். சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில். 2022ல் முகம் தெரியாத சிலர் மாறி மாறி அவரை நெருக்கினார்கள்: ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு. அதே காலத்தில் பக்கத்திலேயே பொறுமையாக, நன்றாக வேலை செய்துகொண்டு நின்றவர் ஜியா டான் என்ற பெயர். களைத்த மனிதர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெயர்தான் விஷம் வைத்தது.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. திருடன்மேல் மட்டும் அல்ல.

12 பிப்ரவரி 2025

தைப்பூசம் முடிந்தது. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் பந்தலில் இந்த வருடமும் கூட்டம். மோர், பானகம், சோறு, சாம்பார். நேற்றிரவு இரண்டு மணிக்குச் சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது. அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேங்காய் நாரால் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிறார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். "வருசா வருசம் நாந்தான் தம்பி. யாராச்சும் கத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார்.

அவர் ஒரு வருடம் வராமல் போனால்? அல்லது நாம் அறியாத ஒருவர் சிரித்த முகத்தோடு மூன்று வருடம் அண்டா கழுவிக் கொடுத்து, நாலாம் வருடம் சமையல்கட்டுச் சாவியைக் கேட்டால், கொடுக்கமாட்டோமா? நானே கொடுப்பேன். லாஸே காலினைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

14 செப்டம்பர் 2025

வெள்ளத்தில் கைப்பேசிகளை அணைத்து வைத்த அதே அக்கா மகன் இப்போது கோலாலம்பூரில் ஜாவாஸ்கிரிப்ட் வேலையில் இருக்கிறான். போன திங்கள் இரவு அழைத்தான், குரல் நடுங்கியது. ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் நிரல் துண்டுகளை இறக்கிக்கொள்ளும் என்பிஎம் களஞ்சியத்தில், சாக், டிபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் விஷம். எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் இறக்கப்படுபவை. பராமரிப்பவருக்குக் கணக்குப் பாதுகாப்பைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு போலி மின்னஞ்சல், அசல் மாதிரியே. அவர் ஏமாந்துவிட்டார். உலாவியில் கிரிப்டோ மின்காசு அனுப்பும்போது பெறுபவர் முகவரியை மாற்றுகிற நிரலை உள்ளே நுழைத்துவிட்டார்கள். சில மணி நேரத்துக்குள் நீக்கப்பட்டது.

அவன் தப்பித்தான், அன்று எதையும் புதிதாக இறக்கவில்லை. இன்று இங்கே வந்திருந்தபோது அவன் வேலையின் பட்டியலை எண்ணச் சொன்னேன். அவன் கையால் சேர்த்தது 23. அவை இழுத்துக்கொண்டு வந்தது ஆயிரத்துக்கு மேல். இருவரும் உட்கார்ந்து பாதிக்கு மேல் பார்த்தோம். பல பேக்கேஜ்களுக்கு ஒரே ஒரு பராமரிப்பாளர். ஒன்றில், தனக்கு நேரமில்லை, உதவ ஆள் வேண்டும் என்று முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். எழுதி மூன்று வருடம் ஆகிறது. அக்கா மகன் அதைத் தினமும் பயன்படுத்துகிறான், முகப்பைப் பார்த்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்து அவருக்கு எழுதினான். உதவுகிறேன், எனக்கு வெளியீட்டு அனுமதி கொடுங்கள் என்று.

17 செப்டம்பர் 2025

ஈப்போ தம்பியிடமிருந்து செய்தி. முதலாளி லினக்ஸை வைத்துக்கொண்டார். பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறுகின்றன, எஸ்எஸ்எச் இணையத்துக்கு நேராகத் திறந்தில்லை, எந்த சர்வரில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆண்டுக்கு 500 ரிங்கிட் நன்கொடைக்கு ஒதுக்கியிருக்கிறார், எந்தத் திட்டத்துக்கு என்று கேட்கிறார். ஓப்பன்எஸ்எஸ்எச் என்று சொல்லியிருக்கிறேன், தினமும் அதில்தான் நுழைகிறீர்கள்.

21 செப்டம்பர் 2025

அக்கா மகனுக்குப் பதில் வந்தது. மூன்றே வரி. நன்றி, ஆனால் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எக்ஸ்இசட்டுக்குப் பிறகு முன்பின் தெரியாதவருக்குச் சாவி கொடுப்பதாக இல்லை. விருப்பமிருந்தால் தேங்கிக் கிடக்கும் பிழைப் புகார்களைப் படித்து, எவை இன்னும் உண்மை என்று சோதித்துச் சொல்லுங்கள்.

அவனுக்கு வருத்தம். "உதவப் போனா திருடன் மாதிரி பாக்குறாரு மாமா" என்றான். அவர் சரியாகத்தான் செய்கிறார் என்றேன். அவர் சட்டென்று அனுமதி கொடுத்திருந்தால் அந்த பேக்கேஜை எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.

41 புகார்கள் இருக்கின்றன. நேற்று இரவு மூன்றைச் சோதித்துவிட்டான். இரண்டு பழையவை, ஒன்று இன்னும் இருக்கிறது. நாலாவதை நான் எடுத்துக்கொண்டேன்.